நாடாவின் இரைச்சலும் ஒரு வாத்தியம்

‘நியூட்ரல் மில்க் ஹோட்டல்’ தொடக்கத்தில் ஒரு இசைக்குழுவாகவே இல்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜெஃப் மாங்கம், தான் வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. நாட்டார் பாட்டின் எளிய கிட்டார், ராக்கின் ஆவேசம், கனவில் கேட்பது போன்ற விசித்திர ஒலிகள் ஆகிய மூன்றும் கலந்த சைகடெலிக் ஃபோக் ராக் வகையில் இப்பாடல்களைச் சேர்ப்பார்கள்.

ராபர்ட் ஷ்னைடர், பில் டாஸ், வில் கல்லன் ஹார்ட் ஆகியோர் மாங்கத்தின் ரஸ்டன் நண்பர்கள். பெரிய நகரத்தின் இசை வட்டாரம் எதுவும் பக்கத்தில் இல்லாததால், ஆளுக்கொரு கேசட் பதிவு செய்து தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். பின்னாளில் அமெரிக்காவிலேயே டென்வர், ஏதென்ஸ் என்று ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தபோதும் ‘எலிஃபன்ட் 6’ என்ற பொதுப்பெயர் அவர்களை இணைத்தது.

இந்த வீட்டுப் பதிவுகளுக்கு ஆதாரம் ஃபோர் டிராக் கருவி. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள்; பாதி நாடா மறுபக்கத்துக்குப் போய்விடும். ஃபோர் டிராக் கருவியோ நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்துகிறது. கிட்டாரை ஒன்றில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே குரலை இன்னொன்றில் சேர்க்கலாம். தனி ஆளே ஒரு குழுவாகிவிடலாம். இடம் தீர்ந்தால் மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டு, காலியான மூன்றில் மறுபடி பதியலாம். ஒவ்வொரு முறை இப்படி ஏற்றும்போதும் நாடாவின் ‘உஸ்’ ஒலி கூடும். ஒலிப்பதிவுக் கூடங்கள் துரத்தியடிக்கும் இந்த இரைச்சலை இவர்கள் பாட்டின் நிறமாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

1996-இல் வந்த முதல் ஆல்பமான ‘ஆன் ஏவரி ஐலண்ட்’ அந்த ரசனையின் விளைவு. டென்வரில் ஷ்னைடர் துணையோடு ஃபோர் டிராக்கிலேயே அது பதிவானது; டிரம்ஸையும் மாங்கமே வாசித்தார். (தலைப்பில் வரும் ஏவரி தீவு லூசியானாவில் உள்ளது. டபாஸ்கோ மிளகாய்ச் சாறு தயாராகும் இடம்!)

வீட்டில் ஒருவர் நால்வராகலாம், மேடையில் முடியாது. ஜெரமி பார்ன்ஸ் டிரம்ஸுக்கும், ஸ்காட் ஸ்பில்லேன் ஊதுகருவிகளுக்கும் வந்தார்கள். ஜூலியன் கோஸ்டர் அக்கார்டியனோடு, மரமறுக்கும் ரம்பத்தையும் கொண்டுவந்தார். ரம்பத்தை வளைத்து வில்லால் உரசினால், பெண் குரல் விம்முவது போல ஒரு நாதம் எழும். மேடையில் நேர்த்தியைவிட வேகம்தான் பெரிதாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1997-இல் ஏதென்ஸ் நகரின் ‘ஜிட்டரி ஜோஸ்’ காபிக் கடையில் மாங்கம் ஒற்றைக் கிட்டாரோடு பாடினார். இடையில் ஒரு குழந்தை அழுவதுகூடப் பதிவில் கேட்கிறது. 2001-இல் வெளியான இந்தப் பதிவு, இரைச்சலையும் ரம்பத்தையும் உருவிவிட்டாலும் பாட்டு நிற்கிறது என்று காட்டுகிறது. இக்குழுவைக் கேட்கத் தொடங்குபவர் இங்கிருந்தே தொடங்கலாம்.

அங்கே பாடியவற்றில் சில, அதே ஆண்டு டென்வரில் பதிவாகி 1998-இல் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’ ஆல்பமாக வந்தன. கூடத்துக்குப் போயும் வீட்டுப் பழக்கம் விடவில்லை. எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் ‘ஓ கம்லி’ பாட்டை மாங்கம் ஒரே மூச்சில் பாடி முடித்தார். வியந்துபோன சகா ஒருவர் போட்ட கூச்சல் அதன் கடைசியில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.

ஆல்பத்தின் புகழ் ஏறத் தொடங்கியபோது மாங்கம் ஒதுங்கிக்கொண்டார். 2011-இல் வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுப்பில் பழைய பதிவுகள் சிலவற்றையும் சேர்த்தார். 2013 முதல் 2015 வரை குழு மீண்டும் மேடையேறியது. கேசட்டை அழியாமல் காப்பாற்றியவர்கள், இம்முறை அரங்கில் படமெடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.