சட்டமன்ற உறுப்பினர் ஊருக்கு வந்தால் கேட்க வேண்டுவது யாது?

சட்டமன்றக் கூட்டத் தொடர் முடிந்ததும், உறுப்பினர்கள் தத்தம் தொகுதிகளில் ஊர் ஊராகச் சென்று, நடந்தவற்றையும் நடக்கவிருப்பவற்றையும் மக்களுக்கு எடுத்துரைப்பது வழக்கம். மாலை மரியாதைகள் ஆனபின் மனுக்கள் குவியும். "ஆவன செய்யப்படும்" என்ற விடை கிடைக்கும். கூட்டம் கலையும். வந்தவர் சொன்ன வேலை எந்த நிலையிலுள்ளது என்று தெளிவாக அறிந்து வீடு திரும்புவோர் சிலரே. இக்குறை உறுப்பினருடையது மட்டுமன்று. கேட்கத் தெரியாத நம்முடையதுமாகும். ஆகலின் நெசவாளரும் உழவருமாகிய நம் சங்க அன்பர்களுக்கு, ஒரு கோரிக்கை ஊரிலிருந்து கோட்டைக்குச் சென்று வேலையாகத் திரும்பி வரும் வழியை ஈண்டுச் சற்று விரித்துரைக்கக் கருதுகிறோம்.

இதற்கு வேற்றூர் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அத்திக்கடவு–அவினாசித் திட்டமே போதும். அவினாசி, அன்னூர், பெருந்துறை வட்டாரங்கள் மேட்டு நிலம். மழை பொய்த்தால் குளம் வறளும். குளம் வறண்டால் கிணறு வறளும். பின்னர் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குங் கீழே இறங்கும். பவானியாற்றில் வீணே வழியும் நீரை இப்பக்கம் திருப்ப வேண்டுமென்ற வேண்டுகோள், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்திலேயே எழுந்தது. அதன்பின் வந்த தேர்தல்களில் இத்திட்டம் பேசப்படாத தேர்தல் அரிது. 2016 பிப்ரவரியில் அவினாசியில் உழவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். 2019 பிப்ரவரி 28ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலிற் கேட்ட தலைமுறையில் பெரும்பாலோர் நீரைக் காணாமலே மறைந்தனர்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எங்கே சென்றன? திட்டம் வரும் என்று சொன்ன உறுப்பினர்கள் யாவரும் பொய்யுரைத்தனர் என்று கொள்வது முறையன்று. அரசு மொழியில் "வரும்" என்னும் ஒரு சொல்லுக்குள் பல படிகள் அடங்கியுள்ளன. முதலாவது, அவையில் அமைச்சர் செய்யும் அறிவிப்பு. அறிவிப்புக்குச் செலவில்லை. அதன்பின் ஆய்வு நடந்து விரிவான திட்ட அறிக்கை உருவாக வேண்டும். அதனை ஏற்று நிர்வாக ஒப்புதல் வழங்கும் அரசாணை பிறக்க வேண்டும். அரசாணைக்கு எண்ணும் நாளும் உண்டு. பிறகு நிதிநிலை அறிக்கையில் தொகை ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கிய பின்னரே ஒப்பந்தப்புள்ளி. அதன் பின்னரே வேலை. வேலை தொடங்கிய பின்னும், குழாய் செல்லும் நிலங்களுக்குரிய இழப்பீடு தீராவிடில் பணி நின்றுவிடும். அத்திக்கடவிலும் இத்தாமதம் நேர்ந்தது. ஆகவே "திட்டம் வருமா?" என்று கேட்பது பயனற்ற வினா. "அரசாணை எண் யாது? இவ்வாண்டு ஒதுக்கீடு எவ்வளவு?" என்பனவே பயனுள்ள வினாக்கள். இவற்றுக்கு விடை இல்லையெனில், வேலை இன்னும் அறிவிப்பு என்னும் முதற்படியிலேயே நிற்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

திட்டம் முடிந்த பின்னரும் கேட்க வேண்டுவன உள. அத்திக்கடவுத் திட்டம், பெயரளவில் மேற்பவானியின் அத்திக்கடவைக் குறித்தாலும், இன்று நீர் எடுக்கப்படுவது கீழே பவானியருகிலுள்ள காலிங்கராயன் அணைக்கட்டிலிருந்து. நீர் தானாக மேடேறாது. ஆதலின் பவானி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் ஆகிய ஆறிடங்களில் நீரேற்று நிலையங்கள் அமைந்துள்ளன. ஆண்டொன்றுக்கு 1.5 டி.எம்.சி., அஃதாவது 150 கோடி கன அடி, எடுப்பது திட்டம். நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் இறைத்தால் இக்கணக்கு நிறைவேறும். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளங்களும் குட்டைகளும் இதனால் நிரம்ப வேண்டும். அவற்றுள் நீர்வளத் துறை ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றியக் குளங்கள் 42; எஞ்சிய 971உம் சிறு குட்டைகளே. இறுதிச் செலவு 1,916 கோடி ரூபாய்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. அணைக்கட்டைக் கடந்து செல்லும் மிகுநீரே நமக்குரியது. பழைய ஆயக்கட்டுக்காரரின் பங்கில் நாம் கைவைக்க இயலாது. மிகுநீர் குறைந்த ஆண்டில் 70 நாள் இறைக்க முடியாமற் போகலாம். ஆகவே உறுப்பினரிடம், "இவ்வாண்டு எத்தனை நாள் இறைத்தார்கள்? நம் ஊர்க் குளம் பட்டியலில் உள்ளதா? உள்ளதெனில் குழாய் வாய் வரை நீர் வந்ததா?" என்று கேட்பதே தக்கது. விடுபட்ட குளங்களைச் சேர்க்க வேண்டுமென்ற கோரிக்கை இப்போது அடுத்த மனுவாகியுள்ளது. அதுவும் முன்சொன்ன படிகள் அனைத்தையும் முதலிலிருந்தே ஏற வேண்டும்.

சிலர், "உறுப்பினர் தம் தொகுதி நிதியிலிருந்தே செய்து தரலாகாதா?" என்பர். தொகுதி மேம்பாட்டு நிதி 2019-20இல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகையைக் கொண்டு அத்திக்கடவுத் திட்டத்தை ஒரு தொகுதி தானே செய்து முடிப்பதெனில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகும்! நிழற்குடை, பள்ளிக் கட்டடம், சிறு சாலை ஆகியவற்றுக்கே அந்நிதி பொருந்தும். பெரியவற்றுக்கு உறுப்பினரின் கருவி பணமன்று, அவையில் எழுப்பும் குரலே. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம் ஆகியன யாவரும் அறிந்தவை. அதிகம் அறியப்படாதது அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில் "செய்யப்படும்" என்று உறுதி கூறினால், அது நிறைவேறியதா என்று பின்தொடர்வது அக்குழுவின் கடமை. நம் உறுப்பினர் பெற்ற உறுதிமொழி அக்குழுவின் ஏட்டில் ஏறியதா என்று கேட்பவர் ஊரில் ஒருவரேனும் இருப்பாராயின், உறுப்பினரும் சற்று விழிப்பாயிருப்பார். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர், கட்சி வேறுபாடின்றி எல்லா உறுப்பினரிடமும் தொகுதியின் முதன்மையான பத்துத் தேவைகளைப் பட்டியலாகக் கேட்டார். அப்பட்டியலில் நம் தொகுதிக்கு எவ்வெவை இடம் பெற்றன என்பதும் கேட்கத்தக்கதே.

இனி, உறுப்பினரிடம் கேட்கலாகாதவை. நூல் விலையைக் குறைக்கச் சொல்லி அவரிடம் மனுக் கொடுப்பது ஆற்றுக்குப் போகிறவனை வயலுக்கு அனுப்புவது போலாம். இறக்குமதிப் பருத்திக்கு 11 விழுக்காடு வரி 2021ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் வந்தது. 2022 ஏப்ரலிலும் 2025 ஆகஸ்டிலும் சில மாத அளவுக்கு நீக்கப்பட்டதும் மத்திய அரசாலேதான். கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் மத்தியச் சட்டமே. எனினும் விசைத்தறியில் அந்த ரகம் நெய்யப்படுகிறதா என்று பார்த்துத் தடுப்பது மாநில அதிகாரிகளின் பணி. ஆகவே அதனை உறுப்பினரிடம் தாராளமாகக் கேட்கலாம். மின்சாரமும் மாநிலத்தின் கையிலுள்ளதே. 2023 மார்ச்சில், இரு மாதத்துக்கு ஒருமுறை வழங்கும் இலவச மின்சாரம் கைத்தறிக்கு 200இலிருந்து 300 அலகாகவும், விசைத்தறிக்கு 750இலிருந்து 1,000 அலகாகவும் உயர்ந்தது மாநில அரசாணையால்தான். மத்திய அரசுக்குரியதை நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொல்ல வேண்டும். நம் திருப்பூர் மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளோ ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவினாசிக்காரர் நீலகிரி உறுப்பினரையும், பல்லடத்துக்காரர் கோவை உறுப்பினரையும் நாட வேண்டியிருப்பது விந்தையே.

மற்றொரு சங்கடமும் உண்டு. உறுப்பினர் ஒருவரே, கேட்போர் நலனோ ஒன்றன்று. பருத்தி வரி நீங்கினால் பின்னலாடைக்காரர் மகிழ்வார். பருத்தி விளைப்பவர் வருந்துவார். நொய்யலில் இது கண்கூடாயிற்று. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகியது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். அவ்வாண்டே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் மாநில அரசால் அறிவிக்கப்பட்டது. அவையில் இரு சாராரும் மனம்விட்டுப் பேசித் தீர்த்திருக்க வேண்டியதை நீதிமன்றம் ஒரு நாளில் முடித்தது என்பதே நம் கருத்து. ஆகவே நம் சங்கம் மனு எழுதுமுன், நெசவாளரும் உழவரும் ஒரே பாயில் அமர்ந்து, எதில் ஒத்திருக்கிறோம், எதில் மாறுபடுகிறோம் என்பதைப் பேசிக்கொள்ளுதல் நன்று. மாறுபடுவதையும் மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிடலாம்.

மனு ஒரு பக்கத்துக்கு மிகலாகாது. குளத்தின் பெயர், ஊராட்சி, புல எண், பயன்பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை, முன்னர்க் கொடுத்த மனுவின் நாள் ஆகியவை இருத்தல் வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிச் சங்கப் பதிவேட்டில் ஒட்டி வைக்க வேண்டும். நிதிநிலை அறிக்கை பெரும்பாலும் மாசி, பங்குனியில் வருவதாலும், அதற்குப் பின்னரே துறைவாரியான மானியக் கோரிக்கைகள் அவையில் எடுத்துக்கொள்ளப்படுவதாலும், நம் மனு தைத் திங்களுக்குள் உறுப்பினர் கையில் சேர்ந்துவிடல் வேண்டும். சித்திரையில் கொடுத்த மனு மறு ஆண்டுக்கே உதவும்.