கடைக் கணக்குக்கு ஒரு பெரிய பேனா



வரி, உரிமம், விலைவாசி என்று பேச எத்தனையோ இருக்க, பேனாவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். படித்தது பள்ளி இறுதி வரைதான். மிச்சப் படிப்பெல்லாம் என் தகப்பனாரின் பேரேட்டில். அவர் காலத்தில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மைப் புட்டியும் ஃபில்லரும் இருக்கும். காலையில் பேனாவுக்கு மை ஊற்றிய பிறகுதான் முதல் வரவு எழுதுவார். சித்திரை முதல் நாள் புதுக் கணக்கு நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, "லாபம்" என்று எழுதுவதும் அதே பேனாவால்தான்.

பிறகு பால்பாயிண்ட் வந்தது. கார்பன் வைத்து பில் போட அதுதான் சரி. அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நான் எழுதுவதை ஏறக்குறைய விட்டே விட்டேன். அறுபதைத் தாண்டியபோது கட்டைவிரல் மூட்டில் வலி வேறு. மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடித்து நாலு வரி எழுதினால் விரல் மடங்காது.

கைக்கு வந்த பேனா

அப்போதுதான் ஒரு நண்பர் சொன்னார்: "பேனா சின்னதாக இருப்பதால்தான் விரல் வலிக்கிறது. தடித்த மைப் பேனா ஒன்று வாங்கிப் பாருங்கள்." சுண்டுவிரலைவிடத் தடிமனான, ஃபில்லரால் மை ஊற்றும் சாதாரண பிளாஸ்டிக் பேனா ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். அழுத்தவே தேவையில்லை. நிப்பு தாளைத் தொட்டால் மை தானாக இறங்குகிறது. தடிமன் அதிகமானால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, விரலுக்கு ஓய்வு. மறுநாளே ஒரு நாள்வழி நோட்டு வாங்கினேன். கம்ப்யூட்டர் அதன் வேலையைப் பார்க்கட்டும், என் கையும் அதன் வேலையைப் பார்க்கட்டும் என்று தினமும் வரவு செலவு எழுத ஆரம்பித்தேன்.

அந்த ஒரு பக்கம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறு மளிகைக் கடைக்காரர். இருபது வருடப் பழக்கம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய வாரம், கடை நிறையக் கூட்டமாக இருந்த ஒரு மாலையில் பழைய பாக்கி 18,400 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தார். நான் நோட்டில் எழுதி, பேனாவை நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன். "என்ன முதலாளி, உலக்கை மாதிரி இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

பங்குனியில் அவர் காலமாகிவிட்டார். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய மகன் வந்தான். "ஐயா, அப்பா பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்க. ஒரு பைசா வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றான். பையன் கம்ப்யூட்டரைத் தட்டி, "18,400" என்றான். தம்பி மறு வார்த்தை பேசாமல் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டான்.

கணக்கு முடிப்பதென்றால் நோட்டில் பக்கத்தைப் பார்த்து முடிப்பது என் வழக்கம். புரட்டினேன். மார்கழிப் பக்கத்தில் வரவு இருந்தது. கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. அன்றையக் கூட்டத்தில் என் கடையில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்திருக்கிறார்கள். தவறு முழுக்க என்னுடையது.

"உங்க அப்பா பாக்கி வைக்கலை தம்பி" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவன் பணத்தைப் பார்க்கவில்லை, கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "செல்போன்ல ஒரு படம் எடுத்துக்கட்டுமா ஐயா?" என்று கேட்டான்.

வாங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே தெரிந்திருக்காது. அதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.

நம் பக்கத்துத் தொழில்

இந்தப் பேனா நமக்குப் புதிதல்ல. சாத்தூர் என்றதும் சேவும் வெள்ளரிக்காயும் நினைவுக்கு வரும். அதே ஊர் பேனா நிப்புக்கும் பெயர் போனது. பால்பாயிண்ட் பெருகியதும் அந்தத் தொழில் சுருங்கிப்போனது. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ என்ற பழைய பேனாக் கடை. 'காமா' பேனா அவர்களுடையது. திருவள்ளூரில் 'ரங்கா' பேனாவைக் கையால் கடைகிறார்கள். ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய எபோனைட் என்ற பொருளில் செய்வது இவற்றின் சிறப்பு. ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைப் பயன்படுத்திப் பார்த்துக் காந்தியடிகள் 1935இல் பாராட்டிக் கடிதமே எழுதினார். எபோனைட் பேனா விலை கூடுதல். தினசரிக் கடை வேலைக்குப் பிளாஸ்டிக் போதும்.

சிக்கனமும் பக்குவமும்

சிறிய குழல் போட்டு எழுதும் மைப் பேனாவில் ஒரு மில்லி மைகூடப் பிடிப்பதில்லை. உடலிலேயே மை ஊற்றும் பெரிய பேனாவில் மூன்று மில்லி வரை பிடிக்கும். 60 மில்லி புட்டி ஒன்று வாங்கினால் இருபது தடவை ஊற்றலாம். காலியானதும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

சில எச்சரிக்கைகள்:

மை கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். உள்ளே காற்று அதிகமானால் கைச் சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளும், நோட்டில் சொட்டும். எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை போனது இப்படித்தான்.

மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். படம் வரையும் இந்தியன் இங்க்கை ஊற்றவே கூடாது, உறைந்து அடைத்துவிடும். சட்டைப் பையில் நிப்பு மேல் நோக்கி இருக்கட்டும்.

ராயல் புளூ மை தண்ணீர் பட்டால் கரையும். கணக்குக்கு அழியாத புளூ பிளாக் வாங்குங்கள்.

கார்பன் பில்லுக்கு மட்டும் பால்பாயிண்ட்டே இருக்கட்டும். காசோலையில் எந்தப் பேனாவானாலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள். தேதியைத் தவிர வேறு எதைத் திருத்தியிருந்தாலும் இப்போதைய பட முறைத் தீர்வையில் ஏற்பதில்லை.

இன்னொன்று. சூட்டில் அச்சாகும் சின்ன பில் சீட்டு சில மாதங்களில் வெளுத்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. சட்டமோ, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது. முக்கியமான சீட்டுகளை நகல் எடுத்து வையுங்கள். விவரத்தை அன்றே நோட்டிலும் ஏற்றுங்கள்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கடையில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. கடை சாத்துமுன் பத்து நிமிடம், அன்று யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தோம் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். வாங்கியவரிடமும் கொடுத்தவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி இப்போதும் மாதம் இரண்டு முறை சரக்கெடுக்க வருகிறான். பேனாவை நானே நீட்டுவேன். உலக்கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவான்.