வாடிக்கையாளரின் நற்சொல்

சொந்த ஊரில் தையற்கடை வைப்பவருக்குத் தந்தையின் பெயரே ஜாமீன். ஹப்சிகுடாவில் கடை திறக்கும் நம்மவருக்கோ அந்த ஜாமீன் கிடையாது. 2017-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் நின்று செல்லும் இப்பேட்டையில் வந்து இறங்கும் புதியவர், கைப்பேசியில் பிறர் எழுதிய மதிப்புரைகளைப் பார்த்தே கடையைத் தேர்கிறார்.

அவற்றைப் பெறுவது எங்ஙனம்? கேளாமலே எழுதுவோர் சிலரே. உடுப்பு பொருந்தி வாடிக்கையாளர் முகம் மலரும் வேளையில் பணிவுடன் கேளுங்கள். கூகுளில் உள்ள கடைப் பக்கத்தைத் திறக்கும் கியூ.ஆர். அட்டை கல்லாவின் அருகே இருக்கட்டும். தெலுங்கிலோ உருதுவிலோ எழுதினாலும் நன்றி கூறிப் பதில் எழுதுங்கள். குறை கூறினால் சினவாது திருத்திக் கொடுத்து, அதனையும் அங்கேயே தெரிவியுங்கள்.

தள்ளுபடி தந்து புகழுரை வாங்குவதைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன. மதிப்புரைகள் நேர்மையாகத் திரட்டப்பட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-இல் ஐ.எஸ். 19000 என்னும் நியமத்தை வகுத்தது. கடைக்கே வராத உறவினரும் நண்பரும் எழுதும் புகழ்ச்சியும் வேண்டாம். ஒரு பொய் வெளிப்பட்டால் மெய்யுரைகளும் மதிப்பிழக்கும்.

வந்த ஊரில் நமக்குள்ள முதல், நற்பெயர் ஒன்றே. ஆதலின் அன்பர்களே, நன்கு வேலை செய்து கொடுத்த சிறு கடைக்காரருக்கு உண்மையாக இரண்டு வரி எழுதுங்கள். அதுவும் ஓர் உதவியே.