ஒரே இன வண்டிகளும் வேறுபடும் எரிபொருட் செலவும்

ஒரே தொழிற்சாலையில், ஒரே அமைப்புடன் உருவான இரு வண்டிகள் ஒரு லீற்றர் எரிபொருளில் ஓடும் தூரமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது பலரது எண்ணம். சேற்றிலும் மணலிலும் கல்வழியிலும் செல்வதற்கென அமைந்த, நான்கு சில்லுகளும் உந்தப்பெறும் வண்டிகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்த்துவிடுகின்றது. ஒன்று சிக்கனமானதெனப் பெயர்பெற, அதனை எல்லாவகையிலும் ஒத்த மற்றொன்று எரிபொருளை விழுங்குவதெனப் பழி சுமக்கின்றது. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் வாரந்தோறும் அளந்து வழங்கப்பட்டபோது, வண்டியின் வகையைக் கொண்டே பங்கு வகுக்கப்பட்டது. ஒரே வகையைச் சேர்ந்தவற்றுக்குக் கிடைத்த பங்கு ஒன்றே. அப்பங்கு கொண்டு அவை செல்லக்கூடிய தூரமோ ஒன்றன்று. ஆதலின் இவ்வேறுபாட்டின் காரணங்களை அறிதல் வண்டி வைத்திருப்போர் யாவர்க்கும் பயன்தருவதாகும்.

ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 32 மெகாயூல் சத்தி அடங்கியுள்ளது. எஞ்சின் அதில் நாலிலொரு பங்கை, அஃதாவது 8 மெகாயூலை, வேலையாக மாற்றுகின்றதெனக் கொள்வோம். எஞ்சியது பெரும்பாலும் புகையோடும் குளிர்நீரோடும் வெப்பமாய்ப் போய்விடும். இந்த 8 மெகாயூலைப் பங்கிட்டுக்கொள்வன ரயர்களின் உருளல் தடை, வளியின் தடை, மேட்டில் ஏறுதல், நின்று நின்று வேகம்பெறுதல், பற்சில்லுகளின் உராய்வு என்பனவாம். இவற்றுள் ஒவ்வொன்றும் பெறும் பங்கு வண்டிக்கு வண்டி மாறுகின்றது.

முதற்கண் ரயர்களை நோக்குவோம். 1,600 கிலோகிராம் திணிவுள்ள ஒரு வண்டி, தார்வீதிக்குரிய ரயர்களுடன் ஓடும்போது உருளல் தடை அதன் நிறையில் நூற்றுக்கு 1.2 பங்கு எனின், அது 188 நியூற்றன் ஆகும். அவ்வண்டிக்கே சேற்றுக்குரிய, ஆழ்ந்த வெட்டுக்களையுடைய தடித்த ரயர்களைப் பூட்ட, தடை நூற்றுக்கு 1.8 பங்காக உயருமாயின் 282 நியூற்றன் ஆகின்றது. மிகுதியான 94 நியூற்றன், 100 கிலோமீற்றர் தூரத்தில் 9.4 மெகாயூல் வேலையைக் கேட்கும். அதற்கு ஒரு லீற்றருக்கும் சிறிது கூடுதலான பெற்றோல் வேண்டும். எஞ்சினில் யாதொரு குறையும் இன்றியே இச்செலவு நேர்கின்றது. காற்றமுக்கமும் இத்தகையதே. மென்மணலிற் செல்வோர் ரயரின் அமுக்கத்தைக் குறைப்பர். ரயர் அகன்று படிந்து புதையாது செல்லும். தார்வீதிக்கு மீண்டபின் காற்றை நிரப்ப மறப்பின், அதே குறைவு ரயரை மிகுதியாக நெளியச்செய்து எரிபொருளை வீணாக்கும்.

அடுத்தது வளி. வளித்தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. வேகம் மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 90 ஆக உயர்ந்தால், தடை ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகின்றது. இவ்வகை வண்டிகள் உயர்ந்தனவும் பெட்டி வடிவினவும் ஆதலின் வளி அவற்றைத் தழுவிச் செல்வதில்லை. கூரையிற் சாமான் தட்டு பூட்டிய வண்டியும் பூட்டாத வண்டியும் வளியின் கண்ணுக்கு ஒன்றல்ல.

மூன்றாவது நிறையும் நிலமும். மேற்கூறிய வண்டியை 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுதற்கே ஏறத்தாழ 16 மெகாயூல், அஃதாவது 2 லீற்றர் பெற்றோல், செலவாகும். யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் ஓடும் வண்டியையும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறியிறங்கும் வண்டியையும் ஒரே அளவுகோலால் அளத்தல் நீதியாகாது. இறங்கும்போது ஒருபகுதி மீளக்கிடைப்பினும், பிரேக்கில் வெப்பமாய்ப் போவது போனதே.

நான்காவது உந்துமுறை. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் றோவர் வண்டியின் நான்கு சில்லுகளும் எப்போதும் எஞ்சினோடு இணைந்திருந்தன. முன்சில்லுகளுக்கு மட்டும் தாமாக விரைந்து சுழல இடமளிக்கும் ஒரு பொறி இருந்தது. 1950ஆம் ஆண்டளவில் அம்முறை நீங்கி, முன்சில்லுகளின் உந்தலை ஓட்டுநர் வேண்டியபோது இணைக்கும் முறை வந்தது. இணைப்பை நீக்கியபோதும் முன்சில்லுகள் தம் அச்சையும் பற்சில்லுகளையும் இழுத்துச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். சில்லின் குடத்திலேயே இணைப்பை விடுவிக்கும் பூட்டுக்கள் இவ்விழுவையைத் தவிர்க்கின்றன. அதனால் வரும் இலாபம் சிறிதேயாயினும் இலாபமே.

எஞ்சினும் ஒன்றாயிருப்பதில்லை. லாண்ட் றோவரில் 1957ஆம் ஆண்டு டீசல் எஞ்சின் புகுத்தப்பட்டது. வெளித்தோற்றத்தில் ஒன்றாயிருந்தும் பெற்றோல் வண்டியைவிட அது குறைந்த எரிபொருளில் ஓடிற்று. டீசல் எஞ்சின் வளியை மிகுதியாக நெருக்குவதும், மெல்ல ஓடுகையில் அதன் வளிவழி அடைக்கப்படாமையும் இதற்குக் காரணங்களாம். ஆயினும் ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாயூல் சத்தி உண்டு என்பதையும் மறத்தலாகாது. வெற்றியின் ஒருபகுதி எஞ்சினுக்கும், ஒருபகுதி எண்ணெய்க்கும் உரியது.

இறுதியாக, வேறுபாடே இல்லாதவிடத்து வேறுபாடு காட்டும் கணக்குகளும் உள. பத்துச் சதவீதம் பெரிய ரயர்களைப் பூட்டிய வண்டி 110 கிலோமீற்றர் ஓடியபின்னும் தூரமானி 100 என்றே காட்டும். வண்டி வீணே பழிபெறும். பிரித்தானிய கலன் 4.546 லீற்றர், அமெரிக்க கலன் 3.785 லீற்றர். ஆகவே பிரித்தானிய ஏடு கலனுக்கு 24 மைல் என்பதும், அமெரிக்க ஏடு 20 மைல் என்பதும் ஒரே வண்டியைக் குறிக்கக்கூடும்.

எனவே, இரு வண்டிகளை ஒப்பிட விழைவோர் ரயரும் அமுக்கமும், சுமையும் வழியும், வேகமும் ஒன்றாயிருத்தலை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். தாங்கியை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பி, பலமுறை அளந்து சராசரி காணவும் வேண்டும். அதன்பின்னும் எஞ்சும் வேறுபாடே எஞ்சினைக் குறைகூற இடந்தருவது. ஒரு பெருங்காரணத்தைத் தேடுவோர்க்கு அகப்படாத இச்செலவு, பல சிறு காரணங்களைத் தனித்தனி அளப்போர்க்குத் தெளிவாய்ப் புலப்படும்.