கோல் அடித்தவரின் களிப்பும் நடுவரின் மஞ்சள் அட்டையும்

சித்தூரிலும் திருப்பதியிலும் மாலை வேளையில் பள்ளி மைதானங்களின் பக்கம் செல்லும் நேயர்கள், மட்டையும் பந்துமாக ஆடும் சிறுவர்களையே மிகுதியாகக் காண்பர். கால்பந்தைத் துரத்துவோர் சிலரே. ஆயினும் அச்சிலர் கோல் விழுந்த மறுகணமே செய்யும் ஆரவாரம் மைதானத்தையே நிறைத்துவிடும். ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவான். மற்றொருவன் குட்டிக்கரணம் அடிப்பான். எல்லாம் தொலைக்காட்சியில் கண்டு பழகியவைதாம். இத்தகைய களியாட்டங்களுக்குத் தண்டனை விதிப்பது முறையா என்பதைச் சற்று ஆராய்வோம்.

கால்பந்தாட்ட விதிகளுள் பன்னிரண்டாவது இதுபற்றிப் பேசுகிறது. கோல் அடித்தவர் மகிழ்வதற்குத் தடையில்லை. அளவு மீறலாகாது என்பதே அதன் கருத்து. சட்டையைக் கழற்றினாலும், முகமூடி அணிந்தாலும், வேலியின்மேல் ஏறினாலும், எதிரணியினரை எள்ளி நகையாடினாலும் மஞ்சள் அட்டை உண்டு. 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயின் வீரர் இனியெஸ்தா வெற்றிக் கோலை அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். உள்ளே அணிந்திருந்த பனியனில், முந்திய ஆண்டு மறைந்த தம் தோழர் தானி ஹார்க்கேயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. நடுவர் அவருக்கும் அட்டை காட்டினார். இறந்த தோழரை நினைந்ததற்குமா தண்டனை என்று நமக்குத் தோன்றாமற் போகாது.

இனி, அவ்விதியில் பெயர் குறித்துச் சொல்லப்படாத குட்டிக்கரணத்துக்கு வருவோம். நம் நாட்டிலேயே அது ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. 2014 அக்டோபர் 14 அன்று மிசோராம் பிரிமியர் லீக் போட்டியில் பெத்லஹேம் வெங்த்லாங் அணி, சன்மாரி வெஸ்ட் அணியை எதிர்த்து ஆடியது. பெத்லஹேம் அணியின் பீட்டர் பியாக்சாங்சுவாலா ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொணர்ந்த கோலை அடித்தார். வயது 23. மகிழ்ச்சி மிகுதியால் அவர் அடித்த கரணம் பிசகியது, தண்டுவடம் பழுதுற்றது. அக்டோபர் 19 அன்று உயிர் நீத்தார். அவருடைய கண்கள் தானமாக வழங்கப்பட்டன.

அப்படியானால் கரணத்துக்கும் அட்டை காட்டலாமே என்று கேட்கலாம். அட்டையோ கரணம் முடிந்த பின்னரே வருவது. அட்டை உண்டென்று அறியாமலா இனியெஸ்தா சட்டையைக் கழற்றினார்? அந்தக் கணத்தில் எவரும் விதிப்புத்தகத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே இதைத் தடுக்க வேண்டியவர் நடுவரல்லர், பயிற்சியாளரே. ஜெர்மானிய வீரர் குளோசெயின் கரணத்தைச் சிறுவர் திரையில் காண்கின்றனர். அதற்கு வேண்டிய உடற்பயிற்சியைக் காண்பதில்லை. கோடையில் இறுகிக் கிடக்கும் நம் மைதானங்களோ சிறிதும் இரக்கம் காட்டமாட்டா.

பிறரைப் புண்படுத்தும் செய்கை வேறு வகை. 2013-இல் கிரேக்க வீரர் கத்தீதிஸ் கோல் அடித்தபின் நாஜி வணக்கம் செய்தார்; தேசிய அணிகளில் ஆட அவருக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டது. அதன் பொருள் தமக்குத் தெரியாது என்றார் அவர். ஆயினும் அங்கே தண்டனை வேண்டியதுதான் என்பதே நம் கருத்து.

1990 உலகக் கோப்பையில் காமரூன் நாட்டின் ரோஜர் மில்லா, தம் 38-ஆம் வயதில், மூலைக்கொடியருகே ஆடிய சிறு நடனத்தை இன்றும் நினைவுகூர்வோர் பலர். அதற்கு இரண்டு கால்களும் தரையில் இருந்தாலே போதும். சித்தூர்ச் சிறுவர்களும் அதை ஒரே மாலையில் கற்றுக்கொள்வார்கள்.