ஒத்தடப் பை

பெரியோரைக் காணச் செல்வார் தம் கையில் ஏந்திச் செல்லும் பரிசுப் பொருளுக்குக் கையுறை என்பது நம் முன்னோர் வழங்கிய பெயர். இந்நாளில் அச்சொல் கைக்கு அணியும் உறையையே பெரிதும் குறிப்பதாயிற்று. எனினும், விலை கொடுத்து வாங்கிய பொருளினும் தன் கையால் ஆக்கிய பொருளே கொடுப்பாரது அன்பை நன்கு புலப்படுத்தும் என்பதை எவரும் மறுக்கார். கிறிஸ்து பிறப்புப் பெருநாளும் மார்கழிப் பனியும் ஒருங்கே வருங் காலத்து, முதுகு நோவாலும் கழுத்து நோவாலும் வருந்தும் முதியோர்க்கு அளித்தற்கேற்ற கையுறையொன்றை மாணாக்கர் தாமே தைத்துக்கொள்ளும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அஃது ஒத்தடப் பை என்பது.

ஒத்தடம் நமக்குப் புதியதன்று. வறுத்த உப்பையும், மணலையும், தவிட்டையும், கொள்ளையும் துணியில் முடிந்து ஒற்றுதலும், நொச்சியிலையை வதக்கி வைத்துக் கட்டுதலும் நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். வெம்மை பட்ட இடத்துக் குருதிக்குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசை நெகிழ்கின்றது. மூட்டின் விறைப்புத் தணிகின்றது. நோயின் மூலத்தை ஒத்தடம் அறுப்பதன்று. நோவைச் சிறிது பொழுது ஆற்றுவதே அதன் பயன். ஆயினும், இரவெல்லாம் உறக்கமின்றி வருந்துவார்க்கு அச்சிறு பொழுதே பெரும் பேறாம்.

நிற்க. அடுப்பின்முன் நின்று உப்பு வறுத்தல் முதியோர்க்கு எளிதன்று. இற்றை நாளில் பல இல்லங்களிலும் உள்ள மைக்ரோவேவ் அடுப்பு இவ்விடர்ப்பாட்டை நீக்குகின்றது. ராடார்க் கருவிகளுக்கென அமைந்த மாக்னெட்ரான் என்னும் குழலின் அருகே 1945-ஆம் ஆண்டில் நின்ற பெர்ஸி ஸ்பென்ஸர் என்னும் அமெரிக்கர், தம் சட்டைப் பையிலிருந்த சாக்லேட் உருகியது கண்டு வியந்தனர். அவ்வியப்பினின்று பிறந்ததே இவ்வடுப்பு. இதனுள் எழும் அலைகளின் மின்புலம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிர்கின்றது. நீரின் மூலக்கூறு ஒருபால் நேர்மின் தன்மையும் மற்றொருபால் எதிர்மின் தன்மையும் மிக்கது. ஆதலின் அம்மாறுதலுக்கு இணங்கித் திரும்ப முயன்று, அண்டை மூலக்கூறுகளோடு மோத, வெப்பம் பிறக்கின்றது.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். ஈரமற்ற உப்பும் மணலும் இவ்வடுப்பில் எளிதிற் சூடேறா, என்னை? அலையை ஏற்கும் நீர் அவற்றில் இல்லை. அரிசியோ உலர்ந்ததுபோல் தோன்றினும், நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு நீரைத் தன்னுள் அடக்கியுள்ளது. அந்நீரே சூட்டிற்கு வித்தாகும். அன்றியும், சூடேறிய அரிசியினின்று மெல்லிய ஆவி கசிதலால் அவ்வொத்தடம் ஈர வெம்மையுடையதாய் உடலுக்கு இதமாகின்றது. ஆகவே, நொய்யும் தவிட்டுத் தூளும் நீங்கப் புடைத்த முழுப் பச்சரிசி 750 கிராம் கொள்க.

அடுத்து, துணி. தூய பருத்தியே வேண்டும்; நைலான், பாலியெஸ்டர் முதலியன மிகு சூட்டில் உருகுவன. தையல் நூலும் பருத்தியாகவே இருத்தல் நன்று. அழகு கருதிப் பட்டுச் சேலையின் சரிகைக் கரையை ஒட்டித் தைத்தல் பெரும் பிழை. சரிகையிலுள்ள உலோக இழை அடுப்பினுட் பொறி கக்கும். உலோகப் பொத்தான், கொக்கி, ஜிப்பு ஆகியனவும் அத்தகையனவே. உட்பைக்குக் காடாத் துணியும், மேலுறைக்குப் பழகி மென்மையுற்ற பருத்திச் சேலையும் ஏற்றன. புதுத் துணியை முன்னரே நனைத்துத் துவைத்து உலர்த்துக. இன்றேல் பின்னர்ச் சுருங்கும்.

உட்பைக்கு 21 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் உடைய துண்டை வெட்டுக. அதனை நீளவாக்கில், புறப்பக்கம் உள்ளே அமையுமாறு இரண்டாக மடித்து, நெடிய ஓரத்தையும் ஒரு குறுகிய ஓரத்தையும் அரை அங்குலம் விட்டுத் தைக்க. கையால் தைப்பார், ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சிறிது பின்வாங்கிக் குத்தி முன்செல்லும் தையலையே மேற்கொள்க. ஓட்டுத் தையலின் இடைவெளியில் அரிசி உதிரும். பின்னர்ப் பையைப் புரட்டி, 4 அங்குலத்துக்கு ஒரு கோடாக நான்கு கோடுகள் குறுக்கே வரைக. 150 கிராம் அரிசியை இட்டு அடியில் தங்கும்படி குலுக்கி, முதற் கோட்டின்மேல் தைக்க. இவ்வாறே ஐந்து அறைகளையும் நிரப்பி, இறுதி வாயை உள்மடித்து இரட்டைத் தையலால் மூடுக. அறைகள் இன்றேல் அரிசி முழுதும் ஒருபுறம் திரண்டு கழுத்தில் நில்லாது வழுவும். குண்டூசிகளைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணுதல் மறவற்க.

மேலுறைக்கு 24 அங்குலத்துக்கு 14 அங்குலத் துண்டு வேண்டும். முன்போலவே மடித்துத் தைத்து, ஒரு வாயை மட்டும் ஒன்றரை அங்குலம் மடித்து ஓரந் தைத்துத் திறந்தே விடுக. அரிசியை நனைத்தலாகாது, ஆதலின் துவைத்தற்குரியது இவ்வுறை ஒன்றே.

இனிச் சூடேற்றும் முறை. தம் அடுப்பிற்குரிய குறிப்பேடு இத்தகைய பைகளை விலக்கவில்லை என்பதை முதற்கண் அறிக. உறை நீக்கிய பையைத் தட்டு தடையின்றிச் சுழலுமாறு மடித்து வைத்து, அருகே ஒரு கோப்பை நீரும் வைக்க. மிகையான ஆற்றலை அந்நீர் ஏற்கும். 800 வாட் அடுப்பாயின் முதலில் 1 நிமிடம். பின்னர்ப் புரட்டி 30 விநாடி. போதாதெனின் இன்னும் 30 விநாடி. அதற்குமேல் வேண்டா. ஒவ்வொரு முறையும் அரிசி சிறிது ஈரத்தை இழந்து, ஆறியிருக்கும்போது காற்றினின்று அதனை மீளப் பெறுகின்றது. ஆறவிடாது மீண்டும் மீண்டும் சூடேற்றின், அரிசி வறண்டு உள்ளே கருகித் தீப்பற்றவும் கூடும். கருகல் நாற்றம் வீசும் பையைத் துணிந்து எறிந்துவிடுக.

ஈண்டு எம் பிழையொன்றை மறையாது கூறுதல் கடன். யாம் முதன்முதல் தைத்த பையை எம் அத்தையார்க்குக் கொடுத்தோம். அவர் நெடுங்கால நீரிழிவினர்; பாதங்களில் உணர்ச்சி குன்றியவர். ஓரிரவு அப்பையைப் பாதத்தின்கீழ் வைத்து அயர்ந்துறங்கினர். விடியலில் இரு கொப்புளங்கள் இருந்தன; அவை புண்ணாகி ஆறுதற்கு இரண்டு திங்கள் சென்றன. “நீ அன்பாய்த் தந்தாய், அப்பா, சுட்டது எனக்குத் தெரியவில்லையே,” என்று அவர் எமக்கே ஆறுதல் கூறினர். தோல் சுடுதற்குக் கொதிக்கும் வெம்மை வேண்டுவதில்லை. 44 பாகை செல்ஸியஸ் அளவே ஏறத்தாழ ஆறு மணி நேரம் இடைவிடாது படின் தோலைக் கெடுக்கும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் 1947-இல் ஆராய்ந்து வெளியிட்டனர். வெம்மை மிகுந்தோறும் அக்காலம் மிக விரைந்து குறுகும். உணர்ச்சியுள்ளவர் சுட்டவுடன் விலக்குவர். உணர்ச்சி குன்றியவர்க்கு அக்காவல் இல்லை.

ஆதலின், கொடுக்கும் பையோடு ஒரு சிறு சீட்டையும் நூலாற் கட்டிக் கொடுக்க. அதில் இவ்வளவேனும் எழுதப்படுக: கொடுப்பார் தம் புறங்கையில் வைத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துக, 15 நிமிடத்துக்கு மேல் ஓரிடத்து வையற்க, உறங்கும்போது வையற்க, குழந்தைகட்கும் உணர்ச்சி குன்றிய உறுப்புக்கும் ஆகாது, திறந்த புண்ணிலும், புதிதாய்ச் சுளுக்கி வீங்கிய இடத்திலும், நோவுத் தைலம் பூசிய தோலிலும் வையற்க.

எம் அத்தையார் இன்றும் அப்பையை வைத்துள்ளார். இப்பொழுது அதனைச் சூடேற்றி, புறங்கையில் வைத்துப் பார்த்து, அவர் தோளில் இட்டு, கால்மணி கழிந்தபின் எடுத்து வைப்பது எம் வேலை. கொடுத்த பொருளோடு கொடுத்தவனும் அருகிருத்தல் வேண்டும் என்பதை யாம் கற்றது அப்பையிடத்தே.