டெஸ்லா சுருளுக்கு உறுதியான தாங்கி



நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி 1891ஆம் ஆண்டில் ஓர் உயர் மின்னழுத்தச் சுருளை உருவாக்கினார். அடியில் தடித்த செப்புக் கம்பி சில சுற்று; நடுவே நிற்கும் பி.வி.சி. குழாயில் மெல்லிய கம்பி பல நூறு சுற்று. உச்சியில் ஓர் உலோக வளையம். மின்சாரம் செலுத்தினால் வளையத்திலிருந்து குட்டி மின்னல் பாயும். இதைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் இருக்கக்கூடும். அவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தாங்கியைத்தான். பாரத்தைச் சுமப்பதோடு, மின்சாரம் வழிமாறிப் பாயாமல் காப்பதும் அதன் வேலை.

நான்கு கால்களும் இரண்டு தட்டுகளும் போதும். கனமான மின்மாற்றியைக் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் சுருள்கள் நிற்கட்டும். சுருள் இரண்டடி உயரமானால், அடித்தட்டு ஒன்றரை அடிச் சதுரமாவது இருக்கட்டும். அடி அகன்று, பாரம் தாழ்ந்திருந்தால் எளிதில் சாயாது.

நமக்கு எளிதில் கிடைப்பது ரப்பர் மரப் பலகை. ஆனால் புதிதாக அறுத்த பலகையில் ஈரம் மிகுதி. பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் பற்றும். ஈரமரம் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே பதப்படுத்தி உலர்த்திய பலகையை வாங்கி, எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசுங்கள்.

சுருளுக்கு அருகில் இரும்பு ஆணி வேண்டாம். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடேற்றும். சுருளின் சக்தியும் வீணாகும். மர ஆப்பு, மரப்பசை, நைலான் திருகு ஆகியவை ஏற்றவை.

ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பது நாம் அறிந்ததே. ஆயினும் பழைய டயர்த் துண்டை நம்பிக் கால்களுக்கு அடியில் வைக்காதீர்கள். டயரில் கலந்துள்ள கரித்தூள் மின்சாரத்தை ஓரளவு கடத்தக்கூடும்.

பெற்றோர்களே, தாங்கி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சுருள் உயிரைப் பறிக்கும். விசையை அணைத்த பின்னரும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். சுருளின் எர்த் கம்பியை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல், தனியாக நிலத்தில் அடித்த செப்புக் கம்பியோடு இணைக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் மரவேலையை வீட்டில் செய்யட்டும். மின் இணைப்பையும் சோதனையையும் பயிற்சி பெற்றவர் ஒருவரே முன்னின்று நடத்த வேண்டும்.